கேள்வியோடு வரும் பிள்ளை



வாசிப்பு மாதமாகிய ஒக்டோபரில் பாடசாலை நூலகத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். வாசிப்பின் பெருமையை நான் இங்கே பேசப்போவதில்லை. அதை இந்த மாதம் முழுவதும் ஒவ்வொரு பாடசாலையிலும் காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். பதாகை கட்டுகிறோம், கட்டுரைப் போட்டி வைக்கிறோம், சான்றிதழ் கொடுக்கிறோம். நவம்பர் பிறந்ததும் நூலகம் பழையபடி ஆகிவிடுகிறது. நான் பேச வந்தது அந்த நூலகத்துக்குள்ளே ஒரு சாதாரணக் கிழமையில், ஒரு சாதாரணப் பாடவேளையில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி.

தரம் ஏழுப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக வருகிறார்கள். மேசையைச் சுற்றி இருக்கிறார்கள். "சத்தம் போடாமல் ஆளுக்கொரு புத்தகம் எடுங்கோ" என்கிறோம். எடுக்கிறார்கள். கைக்கு எட்டிய தட்டில் என்ன இருந்ததோ அதை எடுக்கிறார்கள். கொஞ்ச நேரம் படம் பார்க்கிறார்கள். பிறகு யன்னலைப் பார்க்கிறார்கள். மணி அடிக்கிறது. புத்தகம் மேசையிலேயே கிடக்கிறது. இதில் பிள்ளையின் குற்றம் ஒன்றுமில்லை. எதைத் தேடி வந்தோம் என்று தெரியாத இடத்தில் பெரியவர்களாகிய நாமும் இப்படித்தான் இருப்போம்.

ஆகவே நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பிள்ளையின் கையில் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முன்னர் அதன் மனதில் ஒரு கேள்வியைப் போடுங்கள். விடையைத் தேடாமல் இருக்க முடியாத கேள்வியாக அது இருக்கட்டும். அந்த வேலையைப் புதிரைப் போல வேறெதுவும் செய்வதில்லை.

நூலகக் கரும்பலகையில் திங்கட்கிழமை எழுதிப்போடக்கூடிய ஒரு புதிரை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். ஓர் ஒழுங்கை. ஒரே பக்கமாக வீடுகள். இலக்கம் 1, 2, 3 என்று வரிசையாகப் போகிறது. என் சிநேகிதியின் வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எல்லா இலக்கங்களையும் கூட்டினாலும், வலப்பக்கம் உள்ள எல்லா இலக்கங்களையும் கூட்டினாலும் ஒரே தொகை வருகிறது. ஒழுங்கையில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகள் உண்டு, ஆனால் பத்து வீடு இல்லை. சிநேகிதி இருப்பது எந்த இலக்கத்தில்?

பிள்ளைகள் இதை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் உடனே ஒரு சமன்பாடு எழுதப் பார்த்து அதிலேயே சிக்கிக்கொள்வான். இன்னொருவன் "நடு வீடுதானே டீச்சர்" என்பான். பக்கத்தில் இருப்பவள் "லூசா, வலப்பக்கத்து நம்பர் எல்லாம் பெரிசடா" என்பாள். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளை, 1 முதல் 9 வரை கொப்பியில் வரிசையாக எழுதிக்கொண்டு, அடிமட்டத்தின் முனையால் ஒவ்வோர் எண்ணாக மறைத்து, இந்தப் பக்கம் கூட்டி, அந்தப் பக்கம் கூட்டிப் பார்த்துக்கொண்டே போவாள். ஒன்பது வீட்டுக்குச் சரிவராது. கடைசி எண்ணை வெட்டிவிட்டு எட்டு வீட்டுக்குப் பார்ப்பாள். அடிமட்டம் ஆறின் மேல் வந்து நிற்கும். ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15. ஏழும் எட்டும் 15. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த எவரும் நூலகம் அமைதியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதன் பிறகு சொல்ல மாட்டார்கள்.

ஆனால் இதுவரை நடந்தது கணக்கு. இதை வகுப்பறையிலேயே செய்திருக்கலாம். நூலகம் இனிமேல்தான் தொடங்குகிறது. மறுநாள் அதே பலகையில் எழுதுகிறோம்: பத்துக்கு மேல், அறுபதுக்குக் கீழே வீடுகள் இருந்தால்? இதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். 49 வீடுகள், 35ஆம் இலக்கம். விடை வந்த பிறகு மூன்றாவது கேள்வி: இதே புதிரை 1914ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு சஞ்சிகை வெளியிட்டது. அதைக் கேட்டவுடனே விடை சொன்ன தமிழர் யார்? அப்போது அவர் கையில் என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? அந்த ஒழுங்கை எந்த நாட்டில், எந்த ஊரில் இருந்தது?

இந்த மூன்றுக்கும் விடை கொப்பியில் வராது. பிள்ளை எழும்பி அலுமாரிக்குப் போக வேண்டும்.

அவையோரே, அந்தக் கதையை நான் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். சஞ்சிகையின் பெயர் ஸ்ட்ராண்ட். சேர்லொக் ஹோம்ஸ் கதைகள் வந்துகொண்டிருந்த அதே சஞ்சிகைதான். அதில் ஹென்றி டியூடனி என்பவர் மாதந்தோறும் புதிர்கள் எழுதிவந்தார். 1914 டிசெம்பர் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் என்ற வங்காள இளைஞர் தன் நண்பரின் அறைக்குப் போகிறார். நண்பர் கும்பகோணத்துச் சீனிவாச இராமானுஜன். சட்டியில் காய்கறியைக் கிளறிக்கொண்டு நிற்கிறார். மகலனோபிஸ் புதிரை வாசிக்கிறார். ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள். மகலனோபிஸ் தானே கொஞ்ச நேரம் போட்டுப் பார்த்து விடையைக் கண்டிருந்தார். 288 வீடுகள், 204ஆம் இலக்கம். இராமானுஜனோ கிளறிய கையை நிறுத்தாமலே எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அந்த ஒன்றுக்குள்ளே 6, 35, 204, அதற்கு மேல் வரப்போகும் எல்லா விடைகளும் அடங்கியிருந்தன. எப்படிக் கண்டீர் என்று கேட்டதற்கு, கேட்டவுடனே இது ஒரு தொடர் பின்னம் என்று தெரிந்தது, எந்தப் பின்னம் என்று எண்ணினேன், விடை மனதுக்கு வந்தது என்ற கருத்தில் பதில் சொன்னார்.

தொடர் பின்னம் நம் தரம் ஏழுப் பிள்ளைக்கு எட்டாது. ஆனால் 1, 6, 35, 204 என்ற வரிசையைப் பலகையில் எழுதிவிட்டுச் சும்மா இருங்கள். ஆறால் பெருக்கி முந்தியதைக் கழித்தால் அடுத்தது வருகிறது என்று ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். ஆறாறு முப்பத்தாறில் ஒன்று போனால் 35. முப்பத்தைந்து ஆறு 210இல் ஆறு போனால் 204. அடுத்தது 1189 என்று அதுவே சொல்லும். நாம் சொல்லிக்கொடுக்காத ஒன்று அது.

இனி அந்த ஊருக்கு வருவோம். டியூடனி அந்தத் தெருவை வைத்தது பெல்ஜியத்தின் லூவன் நகரத்தில். 1914 ஓகஸ்டில் ஜேர்மன் படை அந்த நகரத்துக்குத் தீவைத்தது. பல நூற்றாண்டுப் பழமையான லூவன் பல்கலைக்கழகத்தின் நூலகமும், அதிலிருந்த இலட்சக்கணக்கான நூல்களும், கையெழுத்துப் பிரதிகளும் அந்தத் தீயில் போயின. புதிரில் வந்த ஊர் புதிர் அச்சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் எரிந்தது. கேம்பிரிட்ஜ் அறையில் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தவருக்கு அந்த ஊரின் பெயர் பத்திரிகைச் செய்தியாகவும் தெரிந்திருக்க வேண்டும்.

லூவன் எங்கே என்று தேடப்போன பிள்ளை ஐரோப்பிய வரலாற்றுத் தட்டில் இதை வாசித்துவிட்டுத் திரும்பி வந்தால் என்ன கேட்கும் என்று நினைக்கிறீர்கள்? "டீச்சர், லைப்ரரியை ஏன் எரிச்சவை?" என்று கேட்கும். தமிழ்ப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டால் நாம் பதிலுக்குப் பெல்ஜியத்தோடு நிறுத்த முடியாது. 1933இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டிலே தொடங்கிய சிறு வாசிகசாலை வளர்ந்து, 1954இல் அடிக்கல் நாட்டி, 1959இல் புதுக் கட்டடத்தில் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 யூன் தொடக்கத்தில் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். 95,000 என்றும் சிலவற்றில் காணலாம். ஏன் இந்த வித்தியாசம், யாருடைய கணக்கு எதிலிருந்து வந்தது என்பதே ஒரு மாதத்துக்குப் போதுமான புதிர். அதைத் தேடுகிற பிள்ளை ஒரு நூலில் அச்சாகியிருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது என்பதைத் தானாகவே படித்துக்கொள்கிறது.

பொரளையில் நின்று இதைப் பேசுகிறேன். 1983 யூலை 24 இரவு இந்தச் சந்தியையும் கனத்தை மயானத்தையும் சுற்றித் தொடங்கிய, தமிழருக்கு எதிரான வன்செயலை இங்கிருக்கும் மூத்தவர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. அப்போது எரிந்த வீடுகளிலும் புத்தக அலுமாரிகள் இருந்தன. பிள்ளை கேட்டால் மறைக்காதீர்கள். பயமுறுத்தவும் வேண்டாம். இதற்கும் புத்தகம் இருக்கிறது, வா, எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கதை இன்னும் முடியவில்லை. எரிந்துபோன அந்த யாழ்ப்பாண நூலகத்தை அமைக்கும்போது ஆலோசனை கேட்கப்பட்டவர் யார்? சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். ரங்கநாதன் முதலில் நூலகர் அல்லர். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமித்தார்கள். பிடிக்கவில்லை. மாணவர் முகம் பார்த்துப் பழகியவருக்குப் புத்தகங்களோடு தனியே இருப்பது தாங்க முடியாமல் போய், கல்லூரிக்கே திரும்ப அனுப்பும்படி கேட்டார். நூலகவியல் படிக்க இலண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே செல்ஃபிரிட்ஜஸ் என்ற பெரிய கடையின் விளையாட்டுப் பொருள் பகுதியில் மெக்கானோ பொம்மையைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்கள். துளை போட்ட அதே பட்டிகள், அதே ஆணிகள், அதே சக்கரங்கள். பூட்டும் விதத்தை மாற்றினால் ஒரு முறை பாலம், ஒரு முறை பாரந்தூக்கி. ஒரு நூலின் பொருளையும் இப்படிச் சிறு துண்டுகளாக வைத்துக்கொண்டு வேண்டியபடி பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வளர்ந்து 1933இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. அதற்கு முன்பே, 1931இல், நூலகவியலின் ஐந்து விதிகளை அவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பவை அவற்றுள் இரண்டு. உலகத்து நூலகர்கள் இன்றும் படிக்கிற ஒரு பகுப்பு முறைக்கு வித்து ஒரு பொம்மைக் கடையில் கிடைத்தது. விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பதில் இதுதான்.

அந்த ரங்கநாதன் 1967இல் இராமானுஜனைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். மகலனோபிஸ் சொன்ன அந்தக் காய்கறிச் சட்டிக் கதை நமக்குக் கிடைப்பது அந்த நூலின் வழியாகத்தான்.

இப்போது பிள்ளை நடந்த வழியைப் பாருங்கள். நம் பாடசாலை நூலகங்களில் பெரும்பாலும் தூயி தசமப் பகுப்பின்படி புத்தகங்களை அடுக்குகிறோம். வீட்டிலக்கக் கணக்கு 510. இராமானுஜன் வாழ்க்கை வரலாறு 920. லூவன் எரிந்த யுத்தம் 940. யாழ்ப்பாணம் 954.93. ரங்கநாதன் 020. ஒரு புதிரைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளை நூலகம் முழுவதையும் சுற்றி வந்துவிட்டது. பகுப்பு எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லி எத்தனையோ பாடவேளைகளை வீணாக்கியிருக்கிறோம். தேவை வந்தால் பிள்ளை ஒரே நாளில் படித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் ஓர் ஆட்சேபம் உண்டு. அதை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன். நம் நாட்டுப் பிள்ளைக்குப் புதிர் புதியதல்ல. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாள் நுண்ணறிவு வினாத்தாள். உருவத் தொடர், எண் கோலம், விடுபட்டதைக் கண்டுபிடி என்று பிள்ளைகள் எட்டு வயதிலிருந்தே புதிருக்குள்தான் மூழ்கிக் கிடக்கிறார்கள். ரியூசன் வகுப்பில் நூற்றுக்கணக்கான மாதிரி வினாத்தாள்கள். நேரம் பார்த்து, புள்ளி போட்டு, வெட்டுப்புள்ளி பார்த்து. தரம் ஆறுக்கு வரும்போது புதிர் என்றாலே சில பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும். இதே பிள்ளைக்கு நூலகத்திலும் புதிரா என்று ஒரு தாய் கேட்டால் அவர் கேட்பது நியாயம்.

அதனால்தான் நூலகப் புதிர் பரீட்சைப் புதிரைப் போல இருக்கவே கூடாது என்கிறேன். நேரம் குறிக்காதீர்கள். திங்கட்கிழமை போட்ட புதிர் அடுத்த திங்கள் வரை பலகையில் இருக்கட்டும். புள்ளி வேண்டாம். முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் அறவே வேண்டாம். இடம் கொடுக்கத் தொடங்கினால் மூன்றாம் கிழமையிலேயே வழமையான நாலு பேர் வெல்வார்கள், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். தரம் ஆறும் தரம் ஒன்பதும் கலந்து மூன்று மூன்று பேராக இருக்கட்டும். பெரிய பிள்ளைக்குக் கலைக்களஞ்சியத்தின் அட்டவணை பார்க்கத் தெரியும். சின்னப் பிள்ளைக்குப் பெரியவர்கள் கேட்க வெட்கப்படும் கேள்வியைக் கேட்கத் தெரியும். விடையைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடும்போது விடையோடு சேர்த்து எந்த அலுமாரி, எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிழையான விடை, சரியான புத்தகம் என்றால் அதை நான் சரியான விடையைவிட மேலாக மதிப்பேன்.

தொலைபேசியில் தட்டினால் விடை வந்துவிடாதா என்றும் கேட்கிறார்கள். வரும். வரட்டும். ஆனால் பக்க எண்ணை நான் கேட்டிருக்கிறேனே. தொலைபேசி சொன்னதை நம் அலுமாரியில் உள்ள ஒரு நூலில் கண்டுபிடித்துக் காட்டு என்றால், பிள்ளை இரண்டு வழியையும் நடந்து பார்க்கும்.

பொரளையைச் சுற்றிச் சிங்கள மொழிமூல வகுப்பும் தமிழ் மொழிமூல வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடக்கும் பாடசாலைகள் இருக்கின்றன. ஒரே நூலகம், இரண்டு தட்டு, இரண்டு கூட்டம் பிள்ளைகள். இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச ஒரு காரணம் வேண்டும். இதோ ஒரு புதிர். ஓர் அரசன் நாடு முழுக்கக் கல்லில் எழுதிவைத்தான். ஆனால் பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லாமல் பட்டப்பெயரை எழுதினான். எழுத்தையே வாசிக்கத் தெரியாமல் உலகம் பல நூற்றாண்டு இருந்தது. 1837இல் கல்கத்தாவில் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தை வாசித்துவிட்டார். பியதசி என்று ஓர் அரசன். அவன் யார்? முதலில் நம் நாட்டுத் தேவநம்பிய தீசனாக இருக்கலாம் என்றே பிரின்செப் எண்ணினார். விடை போனது இங்கிருந்து. இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் டேர்னர் பாளி நூல்களில் ஊறியவர். பியதசி என்பது அசோகனுக்குரிய பெயர் என்று தீபவம்சத்தில் கண்டு எழுதினார். இந்தியாவின் மிகப் பெரிய பேரரசனை இந்தியாவுக்கே அடையாளம் காட்டியது இலங்கையில் எழுதிய ஒரு பாளி நூல்.

இந்தப் புதிருக்குத் தமிழ்ப் பிள்ளை தன் தட்டிலிருந்து அசோகனைக் கொண்டுவரும். தீபவம்சத்தைப் பற்றிச் சிங்களத் தட்டில்தான் அதிகம் இருக்கும். அதை வாசித்துச் சொல்ல அந்தப் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி வர வேண்டும். நல்லிணக்கம் என்று எந்தப் பதாகையும் கட்டாமல் இரண்டு பிள்ளைகள் ஒரே பக்கத்தின் மேல் தலையைக் குனிந்திருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லலாம். இங்கிருந்து அதிக தூரமில்லாத கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டிய கல். 1409ஆம் ஆண்டுத் திகதி அதில் இருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்த இடத்தில் கண்டெடுத்தார்கள். மூன்று மொழி அதில் உண்டு. இலங்கையில் நாட்டிய கல்லாயிற்றே, எந்த மூன்று மொழி என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சிங்களம், தமிழ், சீனம் என்று பெரும்பாலோர் எழுதுவார்கள். சிங்களம் இல்லை. சீனம், தமிழ், பாரசீகம். மூன்றும் ஒரே செய்தியா என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். சீனப் பகுதி புத்தருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கு, அதாவது தெவிநுவரைத் திருமாலுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாவைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே. ஏன் அப்படிச் செய்தார்? இதற்கு எந்த விடைத்தாளிலும் முடிந்த முடிவான விடை இல்லை. பிள்ளை தானே ஒரு காரணம் சொல்லி, அதற்கு ஆதாரம் காட்டி நிற்கப் பழகட்டும்.

காசு வேண்டுமே என்று அதிபர்கள் யோசிப்பது எனக்குப் புரிகிறது. சோக்கட்டியும் ஒரு மட்டைப் பெட்டியும் போதும். 1760களில் இலண்டனில் ஜோன் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் தேசப்படத்தைப் பலகையில் ஒட்டி நாடு நாடாக வெட்டி விற்றார். இன்று கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் படத்துண்டுப் புதிர் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்க அப்படித்தான் பிறந்தது. அட்டை கழன்று, இனிக் கட்ட முடியாது என்று ஒதுக்கிவைத்த பழைய அட்லஸ் எல்லா நூலகத்திலும் ஒன்று இருக்கும். அதை மட்டையில் ஒட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். புதிரை அவிழ்த்த பிள்ளைக்கு என்ன பரிசு? பேனை வேண்டாம், கிண்ணம் வேண்டாம். அடுத்த புதிரைப் போடும் உரிமையைக் கொடுங்கள். இராமானுஜனின் கதையிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1903இல் கும்பகோணம் அரசினர் கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிறுவல் மிகக் குறைவு. இன்னொருவருக்கு அது சலிப்பூட்டும் நூல். அவருக்கு அது ஆயிரக்கணக்கான புதிர். ஒவ்வொன்றையும் தானே நிறுவப் பார்த்தார். சில வருடங்களுக்குப் பிறகு, 1911இல், இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் அவரே கேள்வி போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கோவை. அதன் பெறுமானம் என்ன? மாதங்கள் கடந்தும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3. நூலகத்துக்கு வந்து எடுத்தவர் நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்த முறை அது.

நம் பிள்ளைகளிடமும் கொடுக்க நிறைய இருக்கிறது. கொழும்பில் நம் தமிழ் மொழிமூல வகுப்பு ஒன்றை எடுத்தால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்கும், மட்டக்களப்புப் பிள்ளை இருக்கும், மலையகத்துப் பிள்ளை இருக்கும், முஸ்லிம் பிள்ளை இருக்கும், கொட்டாஞ்சேனையிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் அம்மம்மாவோ அப்பம்மாவோ உம்மம்மாவோ சொல்லும் நொடிகள் உண்டு. ஒரே விடைக்கு ஐந்து ஊரில் ஐந்து விதமான நொடி. தொல்காப்பியர் காலத்திலேயே பிசி என்று இதை இலக்கிய வகையில் சேர்த்து எண்ணிவிட்டார்கள். நூலகப் பகுப்பிலும் இதற்கென்று 398.6 என்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது. நம் அலுமாரிகளில் அந்த இடம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. பிள்ளைகள் சேகரித்து, எழுதி, தைத்து, முதுகில் 398.6 என்று ஒட்டி அங்கே வைக்கட்டும். தான் எழுதிய நூல் இருக்கும் அலுமாரியை எந்தப் பிள்ளையும் மறக்காது.

காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் வழி ஒன்று வருகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். இதைப் பலகையில் போட்டுவிட்டு, உண்மையா என்று பார்த்துவா எனப் பிள்ளைகளை அனுப்புங்கள். பலாக் காலத்தில் வீட்டில் ஒரு பழம் வெட்டும்போது குடும்பமே குந்தியிருந்து எண்ணும். ஒரு பிள்ளைக்குக் கிட்ட வரும், ஒரு பிள்ளைக்கு எட்டாத தூரத்தில் வரும். இரண்டு பேரும் தங்கள் எண்ணிக்கையை எழுதிக்கொண்டு வரட்டும். பழைய நூல் சொன்னதை மதிப்பதும் சோதிப்பதும் ஒன்றாகவே நடக்கலாம் என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட மலிவான ஆய்வுகூடம் கிடையாது.

அதிபர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம். கணிதப் பாடம் முடியவில்லை, விஞ்ஞானப் பாடம் முடியவில்லை என்று நூலகப் பாடவேளையை வேறு ஆசிரியருக்குக் கொடுக்காதீர்கள். நூலகத்துக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு முழு நேர அட்டவணையையும் கொடுத்துவிட்டு நூலகத்தையும் பார்க்கச் சொல்வது அவருக்கும் நியாயமில்லை, பிள்ளைக்கும் நியாயமில்லை. இடைவேளையில் நூலகம் திறந்திருக்க வேண்டும். புதிர் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை இடைவேளையில்தான் ஓடிவரும். அந்த நேரம் கதவில் பூட்டு தொங்கினால் அது மறுநாள் வராது.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை வீட்டுக்கு வந்து புதிரைச் சொன்னால் விடையைச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். தெரிந்தாலும் சொல்லாதீர்கள். கூட இருந்து யோசியுங்கள். வெள்ளவத்தையில் இருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை பிள்ளையைத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கூட்டிப் போகலாம். நூலகம் என்ற பெயரிலேயே 2005 முதல் இயங்கும் இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் வீட்டிலிருந்தே வாசிக்கக் கிடைக்கின்றன. பாடசாலை அலுமாரியில் இல்லாததை அங்கே தேடலாம்.

வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். கொப்பித் தாளும் பேனையும் இருக்கின்றன. போகும்போது உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், சின்ன வயதில் கேட்ட ஒரு நொடியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். யார் சொன்னது, எந்த ஊர் என்பதையும் எழுதுங்கள். விடையை மட்டும் எழுதாதீர்கள்.